உயிரியல் பூங்கா மருத்துவம்: எங்கே, யாரிடம் கற்பது?

"கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உயிரியல் பூங்காவில் மருத்துவராக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. பெண் என்பதால் கனமான வேலை தர மாட்டார்களோ என்று ஒரு தயக்கமும் இருக்கிறது. எந்த மேற்படிப்பு எடுக்க வேண்டும்? ஆப்பிரிக்காவில் இரண்டு வாரப் பயிற்சி முகாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். காண்டாமிருகத்துக்கு மயக்க ஊசி போடக் கற்றுத் தருவார்களாம். இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். போகலாமா?" இதுதான் நீங்கள் கேட்டது. கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: "எங்கள் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை." படிப்பு, முகாம் இரண்டையும் விட அந்த வரிதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. இந்தத் தொழிலை யாரிடம், எப்படிக் கற்பது என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கால்நடை மருத்துவத்தில் எனக்கு இருபத்திரண்டு ஆண்டு. அதில் பதினேழு ஆண்டு பூங்கா விலங்குகளோடு போனது. ஒவ்வோர் ஆண்டும் இன்டர்ன்ஷிப் மாணவர்கள் சிலர் என்னோடு இருந்து போகிறார்கள். என் அனுபவம் பெரும்பாலும் மான், பூனை இனங்கள், குரங்கு, யானை இவற்றோடுதான். பாம்பு, முதலை, ஆமை என்று வந்தால் நானும் இன்னொருவரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறவன்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படிப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், அதை முதலில் முடித்துவிடுகிறேன். இளநிலைப் படிப்பு ஒரு வருட இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை வருடம். அதன்பின் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வனவிலங்கு அறிவியலில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு, போட்டி அதிகம். அது கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சை, மருத்துவம், நோய்க்குறியியல் (பேத்தாலஜி) இவற்றில் முதுநிலை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால் நோய்க்குறியியல் படித்தவர் பூங்காவுக்கு வந்தால் அந்தப் பூங்காவுக்கு அதிர்ஷ்டம் என்பேன், காரணம் பின்னால் சொல்கிறேன். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பைப் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். நல்ல படிப்பு, ஆனால் அது காட்டுயிர்ச் சூழலியல். வைத்தியம் கற்க அங்கே போக வேண்டியதில்லை.

வேலை பற்றி வாக்குறுதி தர எனக்கு வாய் வரவில்லை. தமிழ்நாட்டில் பூங்காக்களிலும் யானை முகாம்களிலும் இருக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் கால்நடை பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவராகச் சேர்ந்து, பிறகு வனத்துறைக்கு அயற்பணியில் வந்தவர்கள். பெரிய பூங்காவிலும் மருத்துவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். எந்த வருடம் எங்கே இடம் காலியாகும் என்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அதனால் பூங்கா வேலை கிடைக்காமல் போனாலும் வீணாகாத தகுதியாக இப்போதே சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அந்தத் தகுதி மாட்டிலும் நாயிலும் தொடங்குகிறது. இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் வாடிவிடும். புலியைத் தொட வந்தவர்களிடம் எருமையைப் பற்றிப் பேசுகிறேனே என்று. ஆனால் ஒரு கடமானுக்கு வயிறு உப்பிக் கிடக்கும்போது உங்களுக்குக் கைகொடுப்பது கிராமத்து மருந்தகத்தில் நூறு மாட்டின் விலாவில் கை வைத்துப் பார்த்த பழக்கம்தான். புலிக்குட்டியின் வயிற்றுப்போக்கில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது பூனையின் பார்வோ வகை நோய். வீட்டு விலங்குகளிடையே உள்ள வேறுபாடுகளும் பெரிய பாடம். சைலசின் என்ற மயக்க மருந்தில் குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கு போதும், மாடு சாய்ந்துவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் தாராளமாகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை ஆமைக்குக் கொடுத்தால் கொன்றுவிடும். மாட்டுக்கு வலி தீர்த்த டைக்ளோஃபினாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளை இந்தியத் துணைக்கண்டம் முழுக்கத் துடைத்துப்போட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தோம். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் ஒரு மருந்தைப் படிக்கும்போது "இது எந்த உயிருக்கு ஆகாது?" என்ற கேள்வியையும் சேர்த்துப் படியுங்கள். இப்போதே, மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கலாம்.

அடுத்தது பார்ப்பது. இந்தத் தொழிலில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். காட்டு விலங்கு தன் நோயை மறைக்கும். சோர்ந்து தெரிந்தால் வேட்டை விலங்கு வந்துவிடும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது, கூண்டுக்குள் பிறந்தாலும் அது போகாது. அது வெளிப்படையாகப் படுத்துவிட்டது என்றால் பெரும்பாலும் நாம் தாமதமாகிவிட்டோம். என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதல் வாரம் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கூண்டு, தினம் ஒரு மணி நேரம். பார்த்ததை எழுத வேண்டும், "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி இப்படி ஒரு பெண்புலியின் கூண்டு முன்னால் நான்கு நாள் நின்றார். நோட்டில் நடந்தது, படுத்தது, தண்ணீர் குடித்தது எல்லாம் நேரத்தோடு அழகாக எழுதியிருந்தார். ஐந்தாம் நாள் காலை, அந்தப் புலிக்குத் தீனி போட்டுப் பார்த்துக்கொள்ளும் கீப்பர் அவரைக் கூப்பிட்டு, "பாப்பா, நேத்து பட்டினி நாள். இன்னிக்குக் கறி போட்டா பாய்ஞ்சு வரணும். வந்துச்சு. ஆனா எலும்பு இருக்கிற துண்டைத் தள்ளிட்டுக் கறியை மட்டும் எடுக்குது. தலையை இந்தப் பக்கமாவே சாய்க்குது பாருங்க" என்றார். மாணவி தன் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் குறிப்பில் "இடப்பக்கமாகத் தலை சாய்த்துத் தின்றது" என்று அவரே எழுதியிருந்தார். எழுதியதோடு சரி, அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. மயக்கம் கொடுத்து வாயைத் திறந்தோம். வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் விரிசல், அடியில் சீழ். தீனி குறைந்து எடை இறங்கும் வரை காத்திருந்தால் தாடை எலும்பு வரை போயிருக்கும். அந்தக் கீப்பர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மாணவி அன்று முதல் அவரை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தார், மதிய உணவையும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பூங்காவில் யாரிடம் கற்பது என்ற உங்கள் கேள்விக்கு என்னுடைய முதல் பதில் கீப்பரிடம் என்பதுதான்.

இது சின்ன விஷயம் இல்லை. 2021 மே 26ஆம் தேதி வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சஃபாரிப் பகுதியில் இருந்த ஐந்து சிங்கங்கள் தீனி எடுக்கவில்லை, இடையிடையே இருமின. கண்ணில் தெரிந்தது அவ்வளவுதான். போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு 11 சிங்கங்களின் மாதிரிகள் போயின. அவற்றில் ஒன்பதுக்குக் கொரோனா. ஜூன் 3ஆம் தேதி நீலா என்ற பெண்சிங்கமும், 16ஆம் தேதி பத்மநாதன் என்ற ஆண்சிங்கமும் இறந்தன. அப்படி ஒரு நோய் சிங்கத்துக்கு வரும் என்று நம் ஊரில் யாரும் வகுப்பில் படித்ததில்லை. புது நோய் வரும்போது நம் கையில் முதலில் இருப்பது "இன்று தீனி எடுக்கவில்லை" என்ற ஒற்றை வரி மட்டும்தான்.

இனி போஸ்ட்மார்ட்டம் மேசை. நோய்க்குறியியல் படித்தவரை நான் விரும்புவது இதனால்தான். உயிரோடு இருக்கும் சிறுத்தையை ஒரு மாணவர் வருடத்தில் இரண்டு முறை தொட்டால் பெரிது. இறந்த விலங்கோ தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் காட்டிவிடும். ஒரு கடமானின் வயிற்றை அறுத்தபோது உள்ளே கால்பந்து அளவில் பிளாஸ்டிக் பந்தாக இறுகிக் கிடந்தது. பிஸ்கட் உறை ஒன்றின் மேல் அச்சிட்ட விலை அப்போதும் படிக்கும்படி இருந்தது. அன்று அங்கே நின்ற நான்கு மாணவர்களுக்கும் நான் பாடம் எதுவும் எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் இந்த வழியைப் போட்டவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் யானைகளோடு வாழ்ந்த வனத்துறை மருத்துவர். காட்டில் யானை இறந்து கிடந்தால் புதைத்துவிட்டுப் போகாமல் அறுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அழுகிய உடலாக இருந்தாலும் உள்ளே கை விட்டுப் பார்த்தார். தந்தத்துக்காகச் சுட்ட குண்டுகள் வெளியே வந்தது அப்படித்தான். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வழிந்தால் கத்தியை எடுக்கவே கூடாது. காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் பார்த்து, ஆந்த்ராக்ஸ் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றது. ஆர்வக்கோளாறில் இதை மறந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மயக்க ஊசிக்கு வருகிறேன், உங்கள் விளம்பரம் அதைத்தான் விற்கிறது. துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்ப்பது இதில் மிகச் சுலபமான பகுதி. நான் மாணவர்களுக்கு வெறும் தண்ணீரை வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். துப்பாக்கியில் வைத்து எய்யும் மருந்து ஊசியை டார்ட் என்போம். அதன் ஊசி நுனி அடைபட்டிருக்கும், பக்கவாட்டில் ஒரு துளை. அந்தத் துளையை ஒரு சின்ன சிலிக்கான் வளையம் மூடியிருக்கும். முன் அறையில் மருந்து, பின் அறையில் அழுத்திய காற்று. தோலில் குத்தும்போது வளையம் பின்னால் நகரும், துளை திறக்கும், காற்று மருந்தை உள்ளே தள்ளும். வளையத்தைச் சரியாகப் போடாமல் காற்றேற்றினால் அத்தனையும் உங்கள் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாள் இது நடக்கும். தண்ணீர் என்பதால் சிரித்துக்கொண்டு துடைத்துக்கொள்கிறார்கள். காண்டாமிருகத்துக்குப் போடும் எட்டார்ஃபின் அப்படி அடித்தால் துடைக்க நேரம் இருக்காது, சில துளி போதும், மனிதருக்கு மூச்சு நின்றுவிடும். அதனால் கண்ணாடி, கையுறை, மயக்கத்தை முறிக்கும் மாற்று மருந்து நிரப்பிய சிரிஞ்ச், கூட நிற்கும் இன்னொரு ஆள் இந்த நான்கும் இல்லாமல் மருந்துப் பாட்டிலின் மூடியைத் திறப்பதில்லை. வைக்கோல் திணித்த சாக்கில் பத்துக்கு ஒன்பது முறை தொடைச் சதை இருக்கும் இடத்தில் அடிக்க வந்த பிறகும், உயிருள்ள விலங்கின் மேல் நானாக ஒருவரை உடனே விடுவதில்லை.

அதற்குக் காரணம் என் கையால் போன ஓர் உயிர். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். ஒரு வெளிமான் கிடாவுக்குக் கொம்பு முறிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் மாதம், மணி பன்னிரண்டரை. மாலை வரை பொறுக்கலாம் என்று கூட இருந்த கீப்பர் சொன்னார். புழு வைத்துவிடும் என்று எனக்கு அவசரம். முதல் டார்ட் தவறி மண்ணில் குத்தியது, மந்தை மிரண்டு ஓடியது. இருபது நிமிடம் துரத்தி இரண்டாவதை அடித்தேன். கொம்பை அழகாகச் சுத்தம் செய்து கட்டினேன். உடல் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி இறக்கினேன், மாற்று மருந்து போட்டேன், எழுந்து நடந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். மறுநாள் சிறுநீர் காபி நிறத்தில் போனது. மூன்றாம் நாள் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன, அன்று இரவே இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் தொடைச் சதை வேகவைத்த கறிபோல வெளுத்திருந்தது. பயத்திலும் ஓட்டத்திலும் வெயிலிலும் தசை தானாகவே சிதைந்துபோகும் இந்த நோயை நான் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருந்தேன். துரத்தும்போது அது நினைவுக்கு வரவில்லை.

அதன் பிறகு என் மயக்கத் திட்டத் தாளில் ஒரு வரி சேர்ந்தது: "எப்போது கைவிடுவோம்?" முதல் டார்ட் தவறினால் என்ன, விலங்கு ஓட ஆரம்பித்து எத்தனை நிமிடத்தில் நிறுத்துவது, வெப்பம் எவ்வளவு ஏறினால் பாதி வேலையிலேயே மாற்று மருந்தைப் போடுவது. மாணவர் இதை எழுதித் தந்த பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். திட்டத்தை முதலில் அவர் சொல்ல வேண்டும், தப்பாக இருந்தாலும் முழுவதும் சொல்ல வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "வேண்டாம் சார், இன்று விட்டுவிடலாம்" என்று ஒரு இன்டர்ன் சொல்லி நான் துப்பாக்கியை இறக்கியதும் உண்டு. அவர் சொன்னது சரி. உங்களுக்குக் கற்றுத்தர வருகிறவர் அப்படிச் சொல்ல இடம் கொடுக்கிறவரா என்று பாருங்கள். கொடுக்காதவரிடம் கைவேலை மட்டும்தான் கிடைக்கும்.

மருந்தளவில் நாம் எவ்வளவு தூரம் உறுதியாக இருக்கிறோம் என்பதையும் மாணவர்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பல விலங்குகளுக்கு முறைப்படி சோதித்துப் பார்த்த அளவு கிடையாது. நெருங்கிய வீட்டு விலங்கின் அளவை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். எடைக்கு எடை பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக 1962இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் டஸ்கோ என்ற யானை பலியானது. பூனைக்குத் தாங்கும் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தின் அளவை யானையின் எடைக்குப் பெருக்கி 297 மில்லிகிராம் செலுத்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துவிட்டது. உடல் பெரிதாகப் பெரிதாக ஒரு கிலோவுக்கான வளர்சிதை வேகம் குறையும். 20 கிலோ நாயையும் 4,000 கிலோ யானையையும் எடுத்துக்கொண்டால் எடை 200 மடங்கு, வளர்சிதை மாற்றக் கணக்கில் சுமார் 53 மடங்குதான். இந்தக் கணக்கு பாலூட்டிகளில் ஓரளவு வழிகாட்டும். ஊர்வனவற்றுக்கு அதை நம்பி நான் மருந்து போட மாட்டேன். ஒரே விலங்குக்கு இரண்டு அனுபவசாலிகள் இரண்டு அளவு சொல்வதை நீங்கள் பார்ப்பீர்கள். இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ஒருவர் கூண்டில் அமைதியாக நிற்கும் விலங்கைச் சொல்லியிருப்பார், மற்றவர் மிரண்ட விலங்கை.

இப்போது இரண்டரை லட்சம். நான் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவன் இல்லை. என் மாணவர்களில் இருவர் இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போய் வந்தார்கள், நான் சொல்வது அவர்களிடம் கேட்டறிந்ததை வைத்துத்தான். ஒருவர் நல்ல குழுவில் மாட்டினார். அங்கே ஏற்கெனவே திட்டமிட்ட இடமாற்றம் நடந்துகொண்டிருந்தது, அவர் மூச்சையும் வெப்பத்தையும் ஐந்து நிமிடத்துக்கொரு முறை குறித்துக்கொடுத்தார், இன்றும் அதைப் பயனுள்ள அனுபவமாகச் சொல்கிறார். இன்னொருவர் கையில் மருந்து நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்து விசையை இழுக்கச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். அந்த விலங்குக்கு அன்று மயக்கம் ஏன் தேவைப்பட்டது என்று நான் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. நீங்கள் இதையே விளம்பரக்காரரிடம் கேளுங்கள்: எந்த விலங்குக்கு, என்ன காரணத்துக்காக, நாங்கள் வராவிட்டாலும் அது நடக்குமா, மறுநாள் அந்த விலங்கை யார் போய்ப் பார்ப்பார்கள்? தெளிவாகப் பதில் வந்தால் யோசிக்கலாம். ஆனால் கடன் வாங்கி மூன்றாம் ஆண்டில் போவதை நான் ஆதரிக்கவில்லை. இன்டர்ன்ஷிப் முடித்து, நூறு நாய்க்கு நீங்களே மயக்கம் கொடுத்து எழுப்பிய பிறகு போனால் அதே பதினைந்து நாளில் பத்து மடங்கு கற்பீர்கள். இப்படிப்பட்ட முகாமுக்குப் போனதைப் பார்த்து வேலை கொடுத்த பூங்கா எதையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாமல் இந்த விடுமுறையில் செய்யக்கூடியது இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள பூங்காவின் இயக்குநருக்கோ வன அலுவலருக்கோ கல்லூரி முதல்வர் வழியாகக் கடிதம் கொடுங்கள். வண்டலூர் ஒன்றுதான் என்றில்லை, சேலம் குரும்பப்பட்டி, வேலூர் அமிர்தி போன்ற சிறிய இடங்களில் கூட்டம் குறைவு, கையில் வேலை அதிகம் கிடைக்கும். ஊர்வனவற்றில் ஆசை இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணைக்கு எழுதுங்கள். கடிதத்தில் "வனவிலங்குகள் மீது தீராத காதல்" என்று எழுதாதீர்கள், வருகிற கடிதம் அத்தனையிலும் அந்த வரி இருக்கிறது. சாண மாதிரிகளில் புழு முட்டை எண்ணத் தெரியும், ரத்த ஸ்லைடு சாயம் ஏற்றத் தெரியும், காலை ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்று எழுதுங்கள். அப்படி ஒரு கடிதம் வந்தால் நான் அன்றே பதில் போடுவேன். பெண் என்பதால் கனமான வேலை தர மாட்டார்களோ என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் ஓரிடத்தில் தெரிந்தது. அப்படி நினைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னோடு இருந்தவர்களில் கை மிகவும் நிதானமான மூவரில் இருவர் பெண்கள். 300 கிலோ விலங்கை எந்த ஆணும் தனியாகப் புரட்ட முடியாது, எட்டுப் பேரை ஒரே குரலில் வேலை வாங்கத் தெரிந்தால் போதும்.

கடிதம் எழுதும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள், டெட்டனஸ் ஊசியும் காலாவதியாகாமல் இருக்கட்டும். குரங்குக் கூண்டுக்கும் யானைக் கொட்டிலுக்கும் போவதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். நம்மிடமிருந்து அவற்றுக்கும், அவற்றிடமிருந்து நமக்கும் அது தாவும். சான்றிதழ்களின் நகலைக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள். அது இல்லாத மாணவரை நான் தீவன அறையைத் தாண்டி உள்ளே விடுவதில்லை.